பெரியவர் அடுப்புக்குப் பின்னால்

முப்பத்தொரு வருடம் நான் பிராம்ப்டராக இருந்தேன். பவானிபூரில் எங்கள் தமிழ்ச் சங்கத்து நாடகக் குழுவில், நடிகர்களுக்கு வசனம் மறந்துபோனால் மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. மறைவு என்றால் வழக்கமாகப் பக்கத் திரைக்குப் பின்னால். ஒரே ஒரு நாடகத்தில் மட்டும் மேடைக்கு நடுவிலேயே, பலகையில் செய்த பெரிய அடுப்பு ஒன்றுக்குப் பின்னால், முக்காலி போட்டு உட்காருவேன். அந்த நாடகத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சங்கத்து ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டது எங்கள் குழுவில் நடிக்கிற தியா. "ரெண்டு பேஜ் போதும் பிஷி" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அத்தை முறைக்கு வங்காளிகள் மாதிரி பிஷி என்றுதான் வரும். முப்பத்தொரு வருடத்துக்கு இரண்டு பக்கம் என்றால் வருடத்துக்கு இரண்டு வரி. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "எவ்ளோ வேணும்னாலும் எழுதுங்க, நான் கொறச்சுக்கறேன்" என்றாள். குறைத்துப் பார்க்கட்டும், அப்புறம் இருக்கிறது அவளுக்கு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில் இருக்கும்போது மட்டும் அது அடங்கிக் கிடக்கும். சம்பளத்துக்குப் பார்த்த வேலையிலும் அப்படித்தான். கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். கஸ்டம்ஸில் அதிகாரியாக இருந்த ராகவன் சார் தினமும் நாலைந்து தடவை எங்கள் போர்டு வழியாகப் பேசுவார். ஒருநாள் லைன் கிடைக்காத எரிச்சலில் நான் தமிழில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"தமிழா? எந்த ஊரு?" என்றார்.

"அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சார்."

"நீ முணுமுணுத்தது ஒரு எழுத்து விடாம கேட்டுது. ஞாயித்துக்கெழம சங்கத்துக்கு வா."

என்ன முணுமுணுத்தேன் என்பதை மலரில் போட முடியாது. சங்கத்துக்குப் போனேன். அவர்தான் குழுவின் டைரக்டர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

பயிற்சி ஆறு ஞாயிற்றுக்கிழமை. பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனால் செய்யக்கூடாதவை நிறைய. கிசுகிசுக்கக் கூடாது. கிசுகிசுத்தால் காற்றுச் சத்தம் நாலாவது வரிசை வரைக்கும் போகும், பக்கத்தில் நிற்கிற நடிகருக்குச் சொல் புரியாது. குரலை இறக்கி, முகத்தைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பேச வேண்டும். வரியின் முதல் சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும். முழு வரியையும் கொடுத்தால் நடிகர் கிளிப்பிள்ளை ஆகிவிடுவார். நடிகர்கள் வேண்டுமென்றே நிறுத்துகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வசனத்தை வங்காள எழுத்தில் எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. வருடம் போகப்போக அந்தப் பிரதிகள்தான் அதிகமாயின. நானே என் பிரதியைத் தொலைத்துவிட்டு ஒருமுறை வங்காள எழுத்தைப் பார்த்துத் தமிழ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ராகவன் சார் நன்றாக இருக்கிறது என்று யாரையும் சொன்னதில்லை. துறைமுகத்தில் வந்திறங்கிய பெட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரிதான் ஒவ்வொரு வசனத்தையும் திறந்து பார்ப்பார். பொய்யாக ஒரு அழுகை, தேவையில்லாமல் ஒரு கை அசைவு இருந்தால் வெளியே எடுத்து வைத்துவிடுவார். சத்தம் போட மாட்டார். "அடுத்தது" என்பார். அந்த 'அடுத்தது' எந்தத் தொனியில் வருகிறது என்பதை வைத்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாடகத்தின் பெயர் 'ஐந்து அடுப்பு'. பழைய பாட்டு நாடகம். எழுதியவர் பெயர் முதல் பக்கத்தோடு எப்போதோ கிழிந்துபோய்விட்டது. அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி தங்கைகள் ஐந்து பேர் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துக்கொண்டு, முகம் கொடுத்துப் பேசாமல் வாழ்கிறார்கள். கடைசித் தங்கை கமலாவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக, ஒரு நாள் மட்டும் ஒரே குடும்பமாக நடிக்க வேண்டியதாகிறது. நடிப்பு மெல்ல மெல்ல நிஜமாகிவிடும். கடைசிக் காட்சியில் மூத்த அண்ணன், பெரியவர், தன் அடுப்பை மட்டும் பற்றவைத்து, மற்ற நான்கு பேரையும் பெயர் சொல்லி ஒவ்வொருவராகச் சாப்பிடக் கூப்பிடுவார். இலை போட்டுப் பரிமாறுவார். பிறகு அவர் பாட்டை ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்து பாடத் திரை விழும். சங்கத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இதைப் போடாவிட்டால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். குடும்பத்தோடு வந்து, முன்வரிசையிலிருந்தே பிள்ளைகள் கூடப் பாடும்.

அந்தப் பெரியவர் வேஷம் வேலாயுதம் அண்ணாச்சிக்கு. பவானிபூர் மார்க்கெட் அருகே அவருக்கு மளிகைக் கடை. அப்பளம், வடகம், நல்லெண்ணெய், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். வங்காளிகளும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள், அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு. மேடையில் சாப்பாடு நிஜமாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். "வெறுஞ் சட்டிய வச்சிட்டு நாலு பேரச் சாப்பிடக் கூப்பிட எனக்கு வாய் வராது சார்" என்று ராகவன் சாரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி பொன்னம்மா மதினி கூட்டாஞ்சோறு பொங்கி, மூன்றாவது அங்கம் ஆரம்பிக்கும்போது சூடாகக் கொண்டுவந்து அடுப்பின் மேல் வைப்பார். அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வாசனையிலேயே பாதி உயிர் போய்விடும். மதியத்திலிருந்து நானும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

முதல் தடவை அவருக்கு நான் வசனம் எடுத்துக் கொடுத்தது பெரிய தப்பாகப் போயிற்று. கடைசிக் காட்சியில் தம்பி தங்கைகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் ஒரு நிறுத்தம் வைத்திருந்தார். இத்தனை வருடம் பேசாதவர்களைக் கூப்பிட வேண்டுமே, வாய் வராமல் நிற்பார். என் பிரதியில் இரண்டு கோடு போட்டிருந்தது. ஆனால் மேடையில் அன்றைக்கு அந்த நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. பயந்துபோய், அவர் முதலில் கூப்பிட வேண்டிய தம்பியின் பெயரை, "சுந்தரம்" என்று கொடுத்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கொடுத்துவிட்டேன் போல. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருடைய அருமையான நிறுத்தம் கெட்டது.

ராகவன் சார் "அடுத்தது" என்றுகூடச் சொல்லவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி முகத்து மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இங்க பாரு தாயீ. நான் நடிச்சிட்டு நிக்கும்போது தோள்துண்டு நுனியக் கட்டவெரலால தேச்சிக்கிட்டே இருப்பேன். வசனம் மறந்து போச்சின்னா கை நின்னுரும். ஒன்னப் பாப்பேன். நான் பாக்காம நீ வாயத் தொறக்காத. புரியுதா?"

அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண் வரைந்து வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாடகம், எத்தனையோ ஊர். டாட்டாநகர், கரக்பூர் என்று ரயில்வே காலனிகளுக்கெல்லாம் போய்ப் போட்டோம். அண்ணாச்சி என்னை மொத்தமாக ஏழெட்டுத் தடவைதான் பார்த்திருப்பார். பார்த்த மறுகணம் சொல் அவர் கையில் இருக்கும். யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணம் இங்கே வேண்டாம். ஆனால் என்னை நம்பி ஒருவர் கண் திரும்புகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இனிமேல் எழுதப்போவதை மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது கோமதி. இவிய வாசிக்கவா போறாவ" என்றார் மதினி, அண்ணாச்சியை மனதில் வைத்து.

போன வருடம் பொங்கலுக்கு 'ஐந்து அடுப்பு' என்று முடிவாகி, தீபாவளியோடு வரும் காளி பூஜை கழிந்ததும் ஒத்திகை ஆரம்பித்தோம். சங்கத்து மாடி ஹாலில்தான் ஒத்திகை. அண்ணாச்சிக்கு எழுபத்திரண்டு வயது. கமலா வேஷத்துக்குத் தியா புதிதாக வந்திருந்தாள். ஒரு வரிக்கு ஒருமுறை "மானே கீ பிஷி?" என்று அர்த்தம் கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அதனால் முதல் இரண்டு வாரம் நான் அண்ணாச்சியைச் சரியாகக் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கவனித்தேன். முதல் அங்கத்தில், சண்டைக்கு நடுவில், நின்றார். துண்டு நுனியில் கை அசையாமல் இருந்தது. என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அமைதியாக, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார். மறந்தது தெரிந்தால்தானே மனுஷன் திரும்பிப் பார்ப்பான். மறந்ததே அவருக்குத் தெரியவில்லை.

முதல் சொல்லைக் கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டு ஜோராகப் பேசினார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மதினி பாலிகஞ்சில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் வடகம். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர்கிட்டக் காட்டியாச்சி. மறதி வியாதின்னுட்டாரு. மெள்ள மெள்ளக் கூடத்தான் செய்யுமாம்" என்றார். "கடையில பையன் பாத்துக்கிடுதான். வீட்டுல நான் பாத்துக்கிடுவேன். ஆனா காலையில எந்திரிச்சதும் இவிய மொதல்ல கேக்குறது என்னன்னு தெரியுமா? 'இன்னைக்கி ஒத்திகை உண்டா?' அது மட்டுந்தான் ஒழுங்கா ஞாபகம் இருக்கு. டைரக்டர் சாருக்குத் தெரிஞ்சா வேஷத்த மாத்திருவாரு. நியாயந்தான். ஆனா இந்த ஒரு தடவ மட்டும் இவிய போட்டுரட்டும் கோமதி. அதுக்கப்புறம் நானே கூட்டிட்டு வர மாட்டேன்."

பிராம்ப்டர் டைரக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. ஒத்திகையில் யார் எங்கே தடுக்கினார்கள் என்று குறித்துவைத்து அவரிடம் கொடுப்பது என் வேலை. அந்த வாரம் கொடுத்த தாளில் அண்ணாச்சியின் பெயருக்கு நேராக ஒன்றும் எழுதாமல் கொடுத்தேன். அடுத்த வாரமும் அப்படியே.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் பார்க்காமல் நான் வாய் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதை மீறினேன். கை நிற்பதற்கு முன்னாலேயே கொடுக்க ஆரம்பித்தேன். முதல் சொல் போதாமல் இரண்டு சொல், பிறகு பாதி வரி. ஒத்திகை முடிந்ததும் ஒருநாள் அண்ணாச்சி என் தலையில் லேசாகத் தட்டி, "இப்பல்லாம் நல்லா எடுத்துக் குடுக்கட்டி. நான் யோசிக்கிறதுக்கு முந்தியே வந்துருது" என்றார். சிரித்தேன். மெட்ரோவில் போகும்போது அழுதேன்.

நான் மறைத்ததன் பலன் சீக்கிரமே வந்தது. தாளில் அண்ணாச்சிக்கு ஒரு தடுக்கல்கூட இல்லாததால், ராகவன் சார் அவருடைய ஒத்திகையைக் குறைத்துவிட்டு இளையவர்களைப் பிடித்துக்கொண்டார். போதாததற்குக் கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரையை வாடகைக்கு எடுத்து, வீடு, அடுப்பு எல்லாவற்றையும் அதில் படமாகக் காட்டலாம். பலகை அடுப்பெல்லாம் பழைய பாணி. ராகவன் சாரும் சரி என்றுவிட்டார். பெரியவருக்கு மட்டும் சின்ன மண் அடுப்பு ஒன்று முன்னால் வைத்தால் போதும். பிராம்ப்டர் பக்கத் திரைக்குப் போய்விடலாம்.

பக்கத் திரைக்கும் பெரியவர் நிற்கிற இடத்துக்கும் நடுவில் இருபது அடி. அங்கிருந்து என் குரல் அவருக்குக் கேட்க வேண்டுமானால் முதல் வரிசைக்கும் கேட்கும்.

எழுந்து, "பெரியவரோட பலகை அடுப்பு இருக்கட்டும் சார்" என்றேன். கமிட்டியில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன்?"

"அடுப்பு பேர்லயே நாடகம். படத்துல காட்டினா நல்லா இருக்காது."

"படத்துல நாலு அடுப்பு. நெஜத்துல ஒண்ணு. நல்லா இருக்கும். அடுத்தது."

நான் உட்காரவில்லை. அதையே மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். கமிட்டியில் ஒருவர், "கோமதிக்கா சீட்டு போயிடுமேன்னு பயப்படறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராகவன் சார் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னை இருக்கச் சொன்னார்.

"பெட்டிக்குள்ள ஏதோ வச்சிருக்க. தெற" என்றார்.

சொல்லிவிட்டேன். மதினி வந்தது, டாக்டர் சொன்னது, நான் தாளில் எழுதாமல் விட்டது, எல்லாவற்றையும். அவர் தன் பிரதியை நாலாக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அந்த மனிதருக்கும் அண்ணாச்சிக்கும் நாற்பது வருடப் பழக்கம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் கண்ணீரைக் கூடப் பொய்யா நிஜமா என்று பார்க்கிறவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நடிகரை ஆடியன்ஸ்கிட்டேர்ந்து நீ காப்பாத்தலாம். அது உன் வேலை. என்கிட்டேர்ந்து காப்பாத்தக் கூடாது" என்றார். "ஒரு மாசம் வீணாயிடுத்து. ஒரு மாசத்துல எவ்வளவு செஞ்சிருக்கலாம்."

"தப்புதான் சார். வேஷத்த மாத்தப் போறீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே டிராம் லைன் இருந்த தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பிறகு திரும்பினார்.

"கார்பென்டர்கிட்ட சொல்லு. பழைய அடுப்பையே எடுத்து அரையடி அகலப்படுத்தட்டும். ரெண்டு பக்கமும் பிரதியை விரிச்சு வச்சுக்க எடம் வேணும் உனக்கு. ஒரு வார்த்தை குடுக்கற காலம் போச்சு. முழுசாக் குடு."

அடுத்த நாளிலிருந்து ராகவன் சார் நாடகத்தையே மாற்றி அடுக்கினார். பெரியவர் முன்பெல்லாம் கோபத்தில் மேடை முழுக்க நடப்பார். இப்போது அடுப்பைவிட்டு மூன்றடிக்கு மேல் நகரவிடவில்லை. மற்றவர்கள் அவரைத் தேடி வந்து பேச வேண்டும். யாராவது ஒருவர் எப்போதும் அவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "குடும்பம்னா ஒட்டி நிக்கணும்" என்று மட்டும் நடிகர்களிடம் சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஆனால் தியா மக்கு இல்லை. ஒருநாள் அண்ணாச்சி ஒரே வசனத்தை இரண்டாவது முறை பேச ஆரம்பித்தபோது, அவள் கமலாவாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியண்ணே, அதத்தான் இப்ப சொல்லிட்டீங்களே" என்று சிணுங்கினாள். பிரதியில் அப்படி ஒரு வரி கிடையாது. எனக்கு அவள் மேலிருந்த எரிச்சலெல்லாம் அன்றோடு போயிற்று.

நாடகத்தன்று ஹால் நிரம்பிவிட்டது. மதியம் மூன்று மணிக்கே அண்ணாச்சி வேஷம் கட்டி, மேக்கப் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், மதினியைத்தான் இரண்டு தடவை யாரென்று கேட்டார். மதினி "நான் சமையலுக்கு வந்தவ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனதை என்னால் மறக்க முடியாது.

முதல் அங்கம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்டால் தெரியாது. அவர் உதட்டையும் துண்டு நுனியையும் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. வரி வரியாகக் கொடுத்தேன், வரி வரியாக வாங்கிக்கொண்டார். ஆனால் குரல் பழைய குரல், கோபம் பழைய கோபம். ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டாவது அங்கத்தில் ஒரு பாட்டை முழுக்க அவராகவே பாடினார். முழங்கால் மரத்துப்போயிருந்தது, தொண்டை காய்ந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு காட்சி.

மதினி கூட்டாஞ்சோற்றுப் பானையை அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஐந்து இலை போட்டிருந்தது. அண்ணாச்சி அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பழைய நிறுத்தம். கை நின்றிருந்தது. என் இரண்டு கோடும் கண்ணும் இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மனசுக்குள் மூன்று எண்ணினேன். ஜனங்களுக்கு அது இந்த நாடகத்திலேயே மிக நல்ல நிறுத்தம். அப்புறம் கொடுத்தேன்.

"சுந்தரம்."

"சுந்தரம், வாடே சாப்பிட" என்றார்.

"வடிவு." வடிவைக் கூப்பிட்டார். "முத்து." முத்துவைக் கூப்பிட்டார். "கமலா." தியா ஓடி வந்து உட்கார்ந்தாள். ஹாலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இனி பரிமாற வேண்டும், பாட வேண்டும், அவ்வளவுதான். "இலையில" என்று அடுத்த வரியைக் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கையில் அகப்பையோடு இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது இலை பெரியவருடையது. அவருக்கு அது தெரியவில்லை.

"ஒரு எல காலியா கெடக்கே" என்றார். "யாரு இன்னும் வரல?"

"அது உங்க எல பெரியண்ணே" என்றாள் தியா.

அவர் அவளைக் கவனிக்கவில்லை. திரும்பி, அடுப்புக்கு மேலாகக் குனிந்து, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"கோமதி, நீயும் வா. எம்புட்டு நேரம் அடுப்படியிலயே கெடப்ப."

தலையை ஆட்டினேன். "இலையில" என்று மறுபடி கொடுத்தேன். "இலையில இலையிலன்னுக்கிட்டு, எந்திரிச்சி வா" என்றார், கொஞ்சம் சத்தமாக. ஜனங்கள் சிரித்தார்கள், நாடகம் என்று நினைத்து. நான் அசையவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "ஒருத்தி பட்டினியா இருக்கும்போது நான் எப்படிப் பரிமாறுவேன்" என்றார். அது வசனம் இல்லை. நிஜமாகத் தவித்துப்போய்விட்டார். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அழுதுவிடுவார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். பக்கத் திரையில் ராகவன் சாரைப் பார்த்தேன். இரண்டு கையையும் எழுந்திரு என்பதுபோல மேலே தூக்கிக் காட்டினார்.

எழுந்தேன். முழங்கால் வரவில்லை. தியா ஓடி வந்து, "வாங்க அத்தை" என்று தமிழிலேயே சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கினாள். கசங்கிய பருத்திப் புடவை, மூக்கில் கண்ணாடி, கழுத்தில் தொங்குகிற டார்ச் விளக்கு. அப்படியே வெளிச்சத்துக்கு வந்து ஐந்தாவது இலையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் முதலில் பரிமாறினார். ஒரு வாய் எடுத்தேன். சூடாக இருந்தது. கண்ணீர் கண்ணை மறைத்தது.

பாட்டு பாக்கி இருந்தது. பிரதி அடுப்புக்குப் பின்னால் தரையில் கிடந்தது. எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. அவர் அகப்பையோடு நின்றார். என் குரல் பாட்டுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் வரியை நானே பாடினேன், மறைக்காமல், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"ஒரு புகை போதும் இந்தக் கூரைக்கு..."

இரண்டாவது வரியை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். அப்புறம் அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. முழுப் பாட்டையும் பாடினார், முன்வரிசைப் பிள்ளைகளும் பாடின. திரை விழுந்தது.

மேக்கப் அறையில் எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். அண்ணாச்சி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும் நேராக என்னிடம் வந்தார். நல்ல கோபம்.

"ஏட்டி கோமதி, நாடகம் நடக்கும்போது நீ எதுக்கு மேடைக்கு வந்த? எடுத்துக் குடுக்கிறவ வெளிய வரலாமா? இத்தன வருஷம் ஒழுங்கா இருந்துட்டு இன்னைக்கி இப்படிப் பண்ணிட்டியே."

மதினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்புதான் அண்ணாச்சி" என்றேன்.

"அடுத்த தடவ இப்படிச் செய்யாத."

"செய்ய மாட்டேன் அண்ணாச்சி."

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். வாசல் வரைக்கும் போனவர் நின்று, ராகவன் சார் பக்கத்தில் போய், எனக்குக் கேட்கக்கூடாது என்று குரலை இறக்கிச் சொன்னார்.

"சார், அவள ஒண்ணும் சொல்லிராதீய. பிள்ளைக்குப் பசிச்சிருக்கும்."